கட்டை மேல் வைத்த ஸ்பேனர்

துணி பொய் சொல்லாது என்பது கத்தரியின் கட்சி. நெய்தவன் சொல்லலாம், மேஸ்திரி சொல்லலாம், மேலாளர் வாயைத் திறந்தாலே அதுதான். துணியை வெளிச்சத்துக்கு மேலே இழுத்துப் போட்டால் போதும்; எங்கே முடிச்சு விழுந்தது, எங்கே இழை அறுந்து ஒட்டுப் போட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் கக்கிவிடும்.

இருபத்தாறு வருஷமாக அவர் அந்த வெளிச்ச மேசைக்குப் பின்னால் நிற்கிறார். கண்ணாடி மேசை, அடியில் நாலு குழல்விளக்கு, மேலே ஓடிக்கொண்டே இருக்கும் துணி. இடது கை முடிச்சை நிமிண்டும், வலது கையில் கோத்த சின்னக் கத்தரி நறுக்கும், துணி அதுபாட்டுக்குப் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆலைக்குள் எல்லோருக்கும் அவர் கத்தரிதான்.

வெட்டிய பிசிறு மேசைக்கடியில் இருக்கும் தகரத் தொட்டியில் விழும். சங்கு ஊதியதும் முதல் வேலை, தொட்டியைத் தூக்கிப்போய்க் கொதிகலன் அடுப்பில் கொட்டுவது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கொட்டாமல் போய்விட்டான். பஞ்சுப் பிசிறு, பொறி பட்டால் பெட்ரோல் மாதிரி. மூன்றாம் கூடம் எரிந்தது, நாலு பேர் வெளியே வரவில்லை. வந்தவர்களில் கத்தரியும் ஒருவர். அன்றிலிருந்து தொட்டி காலியாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் அவர் கிளம்பியதில்லை. வீட்டிலும் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் படுப்பார்.

அந்த மாதம் மழை விட்டபாடில்லை. தேநீர் நேரத்தில் எல்லோரும் வாசல் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். தறிக்கூடத்து ஓட்டைவாய்தான் ஆரம்பித்தான்.

"என்ன கத்தரி, வீட்டுல மாவு மில்லு வெச்சிட்டீங்களாமே? கொய்ங்னு ஒரே சத்தம்னு கேள்விப்பட்டேன்."

"மில்லு இல்லப்பா, மிஷின் பொட்டி. கட்டைய அமுக்குனா அதுவே பாடுமாம். அப்புறம் அண்ணி எதுக்கு?" என்றான் இன்னொருவன்.

"சோறாக்கத்தான்."

சிரித்தார்கள். கத்தரியும் பல்லைக் காட்டினார். ஓட்டைவாய் விடவில்லை. "தமாசு இல்லண்ணே. கதவடைப்பு அப்போ இதே இடத்துல ஒரு மரப்பெட்டி மேல ஏறி நின்னு பாடுனாங்களே, மைக்கு இல்ல, மண்ணாங்கட்டி இல்ல, மூணாவது தெருவுக்குக் கேட்டுச்சு. தம்பிக்காரன் கிதாரு, அந்தத் தப்பட்டைக்காரன், அவ்வளவுதான். எங்க வீட்டு நாய்க்குக்கூட அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். இப்போ தம்பிகூட கோச்சுக்கிட்டுப் போயிட்டானாமே? நம்ம பாட்டை எடுத்து மிஷின்கிட்ட குடுத்தா எப்படிண்ணே?"

"அவ இஷ்டம்ப்பா" என்றார் கத்தரி. வேறு என்ன சொல்வது? சொல்லக்கூடாது என்று அவள் வாயைக் கட்டியிருந்தாள்.

விஷயம் இதுதான். அவர் மனைவி பாட்டுக்காரியின் தொண்டையில் கட்டி. ஐந்து மாதமாகக் கரகரப்பு. சளி என்றார்கள், கத்தியதால் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையை மொத்தமாக எடுத்தாக வேண்டும் என்றார். கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு கிடையாது.

"உயிர் முக்கியமா குரல் முக்கியமான்னு கேட்டாரு" என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "ரெண்டுல எது யாருக்குன்னு கேட்டேன். மனுசன் பேனாவ மூடி மூடித் தொறக்குறாரு."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா?"

"இன்னும் இருபது நாள்யா. அப்புறம் சும்மாதான் இருக்கப் போறேன்."

அந்த இருபது நாளுக்குள், வெளியிடுவதாகச் சொல்லியிருந்த பதினொரு பாட்டுக்கும் குரல் பதிந்துவிட வேண்டும். யாருக்கும் சொல்லக்கூடாது. "பாவம்னு சொல்லிக்கிட்டுக் கேக்குற காது எனக்கு வேணாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உள்ளறையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, இஸ்திரி மேசை மேல் அந்தச் சிந்தசைசர் பெட்டியை வைத்தார்கள். அது கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ரிப்பேர்க்காரியுடையது. ஐம்பதை நெருங்கும் பெண்மணி, நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. உடைந்துபோய் வந்த மூன்று பெட்டிகளைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்திருந்தாள். மேல்மூடி ஒரு நிறம், கட்டைகள் இரண்டு நிறம். வாசிக்கும்போது பாதி நேரம் அவள் விரலைப் பயன்படுத்துவதே இல்லை. கீழ்க்கட்டை ஒன்றை அமுக்கி, அதன் மேல் ஒரு ஸ்பேனரை வைத்துவிடுவாள். அந்த ஒற்றை ஒலி, தூரத்தில் ஆலை ஓடுவதுபோல, எடுக்கிற வரைக்கும் நிற்கும். அதன் மேல் பாட்டுக்காரி மெதுவாக, கீழ்க்குரலில், வரி வரியாகப் பாடுவாள். முன்னே ஒரே மூச்சில் போன வரிக்கு இப்போது நாலு மூச்சு. ஒவ்வொரு மூச்சும் கதவு இடுக்கில் காற்று புகுவதுபோல விசிலடித்துக்கொண்டு உள்ளே போகும்.

இரண்டாவது வாரம் ஒரு மாலை, தம்பி சண்டைக்கென்றே வந்தான். முதுகில் கிதார், செருப்பெல்லாம் சேறு.

"மாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று வாசலிலேயே தொடங்கினான். "தெருவுல நின்னு பாடுனவங்க நாம. சோப்பு விளம்பரம் மாதிரி இதென்ன கொய்ங் கொய்ங்னு?"

"உள்ள வந்து கத்து மாப்ளே. மழைல நனையாத" என்றார் கத்தரி.

அக்காள் ஸ்டூலில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். "வாடா கோவக்காரா. அந்தக் கிதார எடு. ஒரு கம்பிய மட்டும் தட்டு."

"எதுக்கு?"

"தட்டுடான்னா."

தட்டினான். அறை முழுக்க நிறைந்து, மெலிந்து, போய்விட்டது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"அஞ்சு செகண்டு இருக்கும். அதுக்குள்ள அடுத்த அடி அடிப்போம்ல."

"அந்த நடு இடுக்குல என் தொண்டைதான்டா கேக்குது. முன்னெல்லாம் அங்க நான் நின்னேன், கம்பி செத்தாலும் நான் சாகல. இப்போ நானும் சேந்து சாயுறேன். இந்தப் பொட்டி இருக்கே, இதுக்கு மூச்சே வேணாம். நான் விழுந்தா விழுந்த இடத்துலயே புடிச்சுக்கிட்டு நிக்குது. நான் எழுந்திரிச்சு வர்ற வரைக்கும் நிக்குது."

தம்பி அப்போதுதான் அவள் குரலைக் கவனித்தான். "சளியாக்கா?"

ரிப்பேர்க்காரி பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு ஒன்றுமில்லாத ஒயரை ஆராய்ந்தாள். கத்தரிதான் சொன்னார், நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மெத்தை அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

"எப்போ?"

"வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழன்" என்றாள் அவள். "அழுறதா இருந்தா வெளிய போய் அழு. மைக்கு ஆன்ல இருக்கு."

அவன் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, ஏழாவது பாட்டுக்கு மட்டும், கம்பியை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் கொடுத்தான். கிதார் என்று சொன்னால்தான் தெரியும்.

பதிந்ததைச் சுத்தம் செய்யும் வேலை கத்தரிக்கு வந்தது. ரிப்பேர்க்காரிக்குப் பகலெல்லாம் கடை. தன் பழைய கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"இங்க பாருங்கண்ணே, இதுதான் குரலு. மேடு மேடா தெரியுதா? லாரி ஹாரன், நாய்க் கொரைப்பு, மழைச் சொட்டு, வேண்டாததெல்லாம் இதுல கலந்திருக்கும். இழுத்துப் புடிங்க, இந்தக் கத்தரி படத்த அமுக்குங்க. போயிடும்."

"இங்கயும் கத்தரியா?" என்றார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அதான் உங்கள உக்கார வெச்சேன்."

திரையைப் பார்த்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வெளிச்சம், அதன் மேல் இடமிருந்து வலமாக ஓடும் துணி. வார்த்தைகள் நெருக்கமாக, அழகாக நெய்திருந்தன. நடுநடுவே சிலும்பிக்கொண்டு நிற்கும் பிசிறு. முதல் நாள் லாரியையும் நாயையும் எடுத்தார். இரண்டாம் நாள் இருமலை எடுத்தார். மூன்றாம் நாள் அந்த விசில் மூச்சில் கை வைத்தார்.

அதைக் கேட்க அவரால் முடியவில்லை என்பதுதான் நிஜம். பக்கத்தில் படுத்து ஐந்து மாதமாகக் கேட்கிற சத்தம் அது. ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும், வெளியே வருமோ வராதோ என்று அவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்கும்போது, அவள் பட்ட பாடு அதில் இருக்கக்கூடாது. குரல் மட்டும் இருக்கட்டும். முடிச்சில்லாத முதல் தரத் துணியாக இருக்கட்டும். வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம் என்று பத்துப் பாட்டிலும் ஒரு மூச்சு விடாமல் வெட்டி, பழையதன் மேலேயே பதிந்து வைத்தார். எழுந்திருக்கும் முன் திரையின் மூலையில் இருந்த தொட்டியைப் பார்ப்பார். அதில் ஏதாவது கிடந்தால் காலி செய்வார்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது ஆஸ்பத்திரிப் பை கட்டி வாசலில் இருந்தது. பாட்டுக்காரி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ரிப்பேர்க்காரி போனில், "மிச்சத்தையும் சுத்தம் பண்ணி வெச்சிடுங்கண்ணே, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றாள். உட்கார்ந்து பார்த்தார். பதினொன்று என்று புதிதாக ஒன்று இருந்தது. திறந்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பிசிறு. ஒரு வார்த்தை கிடையாது. காதில் வைத்துக் கேட்டார். அவள் மூச்சு மட்டும், போவதும் வருவதுமாக. அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அரை நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. முழுசாகத் தூக்கித் தொட்டியில் போட்டார். தொட்டியைக் காலி செய்தார். குனிந்து மறுபடி பார்த்தார். சுத்தம்.

வியாழக்கிழமை ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. கத்தரியும் மைத்துனனும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி வாக்கில் ரிப்பேர்க்காரி குடையை உதறிக்கொண்டு வந்தாள்.

"என்னாச்சு?"

"இன்னும் உள்ளதான்."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "அண்ணே, பதினொண்ண எங்க வெச்சீங்க? தேடிப் பாத்தேன், காணோம்" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் மூச்சு. நீங்க அணைக்க மறந்துட்டீங்க. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "தொட்டில இருக்கும்ல?"

"காலி பண்ணிட்டேனே."

"மறக்கலண்ணே" என்றாள். குரல் தணிந்து போயிருந்தது. "அதுதான் பாட்டு. நேத்து காலைல வாய்ஸ் சுத்தமா வரல. அக்கா சொன்னாங்க, வார்த்தை வேணாம், தறி ஓடுற தாளத்துக்கு மூச்ச மட்டும் விடுறேன், அதச் சுத்தி நீ பொட்டில கட்டுன்னு. மூணு நிமிஷம். முடிச்சிட்டு, இனிமே இந்த வழியா மூச்சு கிடையாதுல்ல, அதான் கணக்கு முடிச்சிட்டேன்னு சிரிச்சாங்க." சற்று நிறுத்தி, "மத்த பாட்டுலயாவது மூச்சு இருக்கா?" என்று கேட்டாள்.

கத்தரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து ஜன்னலுக்குப் போனான். ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவன் ஏசவில்லை.

ரிப்பேர்க்காரி இரண்டு நாள் கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. "காப்பி எடுத்து வெக்காதது என் தப்புதான்" என்று அவளும் தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்ன தேதிக்குப் பத்துப் பாட்டும் இணையத்தில் வெளியாயின.

ஆலை வாசலில் கேட்டார்கள். ஓட்டைவாய் போனைத் தூக்கிப் பிடித்து இரண்டு பாட்டை முழுசாக ஓடவிட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு இல்ல" என்றான் ஒருவன்.

"அதேதான்" என்றான் ஓட்டைவாய். "கவனிச்சீங்களா? ஒரு எடத்துல மூச்சு விடல. மனுசப் பொறப்பு இப்படிப் பாடுமா? அண்ணி வாயவே தொறக்கலப்பா. பழைய குரல மிஷினுக்குள்ள போட்டு அரைச்சு எடுத்திருக்காங்க. கத்தரி, நிஜத்த சொல்லுங்க. பொட்டிதானே பாடுது?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மூச்சு எங்கே என்பான். தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு மேசைக்குப் போனார். அன்று அவர் மேசையில் ஓடிய துணி முடிச்சோடு மடிந்து போயிற்று. மேஸ்திரி வந்து கத்தியதுகூட அவருக்குக் காதில் விழவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளைக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் குழாய், அதன் மேல் ஈரத் துணி. கஞ்சியைக் குழல் வழியாக இறக்க வேண்டும், கத்தரி கற்றுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு ஆலையில் கழித்துப்போட்ட துண்டுச் சீட்டுகளும் பென்சிலும். முதல் வேலையாகக் காதில் மாட்டிக்கொண்டு பத்துப் பாட்டையும் கேட்டாள். அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டில் அவள் புருவம் சுருங்கியது. ஏழாவதில் கண்ணை மூடினாள். முடிந்ததும் காதிலிருந்து கழற்றி, சீட்டில் எழுதி நீட்டினாள்.

நான் எங்கய்யா?

"வெட்டிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் வரவில்லை. "பிசிறுன்னு நெனச்சேன். நீ கேக்கும்போது உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு... இல்லம்மா, பொய். எனக்குத்தான் கேக்க முடியல. பதினொண்ணும் போச்சு. அதையும் நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். கழுத்தில் துணி எழும்பி எழும்பித் தணிந்தது. கோபம் வந்தால் இந்தத் தெருவே கிடுகிடுத்த வாய். இப்போது துணி மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் சீட்டில் எதுவும் எழுதவில்லை. மருந்துக்கும் கஞ்சிக்கும் கையை மட்டும் காட்டினாள்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ரிப்பேர்க்காரி பெட்டியை எடுத்துப்போக வந்தாள். தம்பியும் தூக்க வந்திருந்தான். பாட்டுக்காரி எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சீட்டில் எழுதிக் கத்தரியின் மடியில் போட்டாள்.

நீ விடு. நான் சொல்ற எடத்துல.

"எதை?"

மார்பில் கை வைத்து ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

"நானா? எனக்குத் தாளமும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது."

"தறி தெரியும்ல மாமா" என்றான் தம்பி. அன்றுதான் அவரிடம் பேசினான்.

மைக்கைக் கத்தரியின் வாய்க்கு நேராக இறக்கினார்கள். ரிப்பேர்க்காரி கட்டையை அமுக்கி ஸ்பேனரை வைத்தாள். ஒலி நின்றது. பாட்டுக்காரி ஒரு விரலைத் தூக்கினாள், அவர் இழுத்தார். இறக்கினாள், விட்டார். அவள் மறக்கவில்லை. புதன்கிழமை காலையில் விட்ட ஒவ்வொரு மூச்சும் அவள் விரலில் இருந்தது. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, நடுவில் அறுந்து மறுபடி பிடித்தது. ஒரு நிமிஷத்தில் அவருக்குத் தலை சுற்றியது. இப்படியா இவள் பத்துப் பாட்டும் பாடினாள் என்று தோன்றியபோது அவள் விரல் மேலேயே நின்றது. இன்னும், இன்னும் என்றது. இழுத்தார். இருபத்தாறு வருஷப் பஞ்சு நெஞ்சுக்குள்ளிருந்து புரண்டு வந்தது. குனிந்து, முக்காலியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிறு நோக இருமினார்.

"அந்த இருமல எடுத்துடலாம்க்கா, கவலப்படாதீங்க" என்றாள் ரிப்பேர்க்காரி.

பாட்டுக்காரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் நிமிரும் வரை பார்த்திருந்தாள். அவள் முகத்தில் மன்னிப்பு எதுவும் இல்லை. விரல் மறுபடி மேலே போனது.

அடுத்த வாரம் தேநீர் நேரத்தில் ஓட்டைவாய், "பதினொண்ணுன்னு ஒண்ணு புதுசா விட்டிருக்காங்கப்பா" என்று போனை நீட்டினான். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஒற்றை ஒலி நின்றது. அதன் மேல் ஒரு மூச்சு வந்து போனது.

"வார்த்தையே காணோமே."

"இரு, வரும்."

வார்த்தை வரவில்லை. இருமல்தான் வந்தது, அடியிலிருந்து, நெஞ்சைக் கிழித்துக்கொண்டு.

"பாத்தியா, மிஷினுக்கு இருமக்கூடக் கத்துக் குடுத்துட்டாங்க" என்றான் ஓட்டைவாய். "ஆனா அச்சு அசலா செஞ்சிருக்கான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். கத்தரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அது முந்திக்கொண்டது. தூணைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் நீர் வரும் வரை இருமினார். சிரிப்பு பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியாக ஓட்டைவாய் நிறுத்தினான். அவரைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான்.

பாட்டைப் பின்னால் தள்ளி, போனைக் காதோடு ஒட்டி வைத்து, முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தான்.

"அண்ணி எப்படிண்ணே இருக்காங்க?" என்றான்.

சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை.